மலைமேல் தலை வலித்தால் உடனே சொல்லுங்கள்

ஆரணிப் பிள்ளைகளே, உங்கள் ஊருக்கு மேற்கே நீளும் ஜவ்வாது மலையில் காவலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை நடத்துவது பெங்களூருவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். அதே நிறுவனத்துக்கு லடாக்கில் ஹன்லே என்ற இடத்திலும் ஒரு தொலைநோக்கி உண்டு. நம் தமிழர் சுப்ரமணியன் சந்திரசேகரின் நினைவாக அதற்கு இமாலய சந்திரா தொலைநோக்கி என்று பெயர்.

இரண்டும் மலைமேல்தான் இருக்கின்றன. ஆனால் காவலூருக்குப் போகும் விஞ்ஞானி மாலையில் வந்து இறங்கி, டீ குடித்துவிட்டு, அன்றிரவே வேலையைத் தொடங்கலாம். ஹன்லேவுக்கு அப்படிப் போக முடியாது. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் முதலில் லே நகரத்தில் சில நாள் தங்குவார்கள். உடல் பழகிய பிறகுதான் மேலே பயணம். வானியலாளர்களில் பலர் அங்கே போவதேகூட இல்லை. பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் உட்கார்ந்துகொண்டு, செயற்கைக்கோள் வழியாக ஹன்லே தொலைநோக்கியைத் திருப்புகிறார்கள்.

காவலூரின் உயரம் 725 மீட்டர். ஹன்லேவின் உயரம் 4,500 மீட்டர். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எங்கோ ஓரிடத்தில் மலை வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அங்கே என்ன மாறுகிறது என்று தெரிந்தவர்கள் பத்திரமாகப் போய்த் திரும்புகிறார்கள். தெரியாதவர்கள், எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், மாட்டிக்கொள்கிறார்கள்.

மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். ஆரணியில் இழுக்கும் காற்றிலும் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். எவரெஸ்ட் உச்சியிலும் அதே 21 சதவீதம்தான். மாறுவது காற்றின் நெருக்கம். உங்கள் ஊர்ப் பட்டுக்கடை ஒன்றில் ஐம்பது புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்திருப்பதைப் பாருங்கள். அடியில் உள்ள புடவைமேல் நாற்பத்தொன்பது புடவைகளின் எடை இருக்கிறது. அது அழுந்தித் தட்டையாகிக் கிடக்கும். மேலே உள்ளதன்மேல் எதுவும் இல்லை. அது தளர்வாக இருக்கும். காற்றும் அப்படித்தான் அடுக்கடுக்காகப் பூமியின்மேல் கிடக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 150 மீட்டர் உயரத்தில், ஆரணியில் இருக்கும் நாம் அடி அடுக்கில் வாழ்கிறோம். மேலே இருக்கும் காற்று முழுவதும் அழுத்துவதால் நமக்குக் கிடைப்பது நெருக்கமான காற்று. மேலே போகப் போக நம் தலைக்கு மேல் மிச்சமிருக்கும் காற்று குறைகிறது, அழுத்தம் குறைகிறது, காற்று தளர்கிறது.

இதை முதன்முதலில் ஒரு மலையில் ஏறித்தான் கண்டுபிடித்தார்கள். 1648 செப்டம்பர் 19 அன்று, பிரான்ஸ் நாட்டில் பிளேஸ் பாஸ்கல் என்ற அறிஞரின் அக்காள் கணவர் பெரியே, பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொண்டு பியூய் தெ தோம் என்ற மலையில் ஏறினார். ஊருக்குள் இருந்ததைவிட உச்சியில் பாதரசம் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. கீழே ஊரில் இன்னொரு குழாயை வைத்து, ஒரு பாதிரியாரை நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார் பெரியே. கீழே இருந்த பாதரசம் அசையவே இல்லை. அதனால்தான், மேலே பாதரசம் இறங்கியது வானிலை மாறியதால் அல்ல, உயரத்தால்தான் என்று அடித்துச் சொல்ல முடிந்தது. நல்ல சோதனை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

இப்போது நம் மூச்சுக்கு வருவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் ஒரு மூச்சில் அரை லிட்டர் காற்றை இழுக்கிறார். 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரத்திலும் அதே அரை லிட்டர்தான் உள்ளே போகும். ஆனால் அதற்குள் இருக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 5,500 மீட்டரில் பாதி. 8,848 மீட்டரான எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு.

கொரோனா காலத்தில் பல வீடுகளில் விரல் நுனியில் மாட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கினார்கள். ஆக்சிமீட்டர் என்று பெயர். ஆரணியில் நன்றாக இருக்கும் ஒருவர் விரலில் அதை மாட்டினால் 97, 98 என்று காட்டும். விமானத்தில் லேவுக்குப் போய் இறங்கிய ஒருவர் விரலில் மாட்டினால் தொண்ணூறுக்குக் கீழேகூடக் காட்டலாம். ஆரணி ஆஸ்பத்திரியில் அந்த எண்ணைப் பார்த்தால் உடனே படுக்கையில் சேர்த்துவிடுவார்கள். லேயில் அது முதல் நாள் பலருக்கும் வரும் எண்.

உடம்பு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. கழுத்தில் பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், சில மில்லிமீட்டர் அளவே உள்ள உணர்வுறுப்பு ஒன்று இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்த உடனே அது மூளைக்குத் தகவல் அனுப்பும். மூச்சு வேகமாகும், இதயம் வேகமாகத் துடிக்கும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் வருகிறது. வேகமாக மூச்சு விடும்போது கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியேறிவிடும். அதனால் ரத்தத்தின் அமிலத்தன்மை குறையும். அதைக் கண்ட மூளை, மூச்சைக் குறைக்கச் சொல்லும். ஒருபக்கம் வேகமாக விடு என்ற கட்டளை, இன்னொருபக்கம் மெதுவாக விடு என்ற கட்டளை. இந்த இழுபறியால்தான் உயரமான இடங்களில் இரவில் தூங்கும்போது பலருக்கு மூச்சு சில நொடி நின்று, பிறகு வேகமாக வந்து, தூக்கம் கெடுகிறது.

இதைத் தீர்த்துவைப்பது சிறுநீரகம். மிகையான பைகார்பனேட் என்ற உப்பை அது சிறுநீரில் வெளியேற்றி ரத்தத்தைச் சரிசெய்யும். அதனால்தான் மலைக்குப் போனவர்களுக்கு அடிக்கடி சிறுநீர் வரும். அது உடல் பழகுகிறது என்பதற்கு நல்ல அடையாளம். ஆனால் சிறுநீரகத்தின் வேலை நிதானமானது. அதற்குச் சில நாள் வேண்டும். அதே சிறுநீரகம் இன்னொரு வேலையும் செய்கிறது. ஒரு ஹார்மோனை அனுப்பி, எலும்பு மஜ்ஜையில் கூடுதலாகச் சிவப்பணுக்களை உருவாக்கச் சொல்கிறது. அந்தச் சிவப்பணுக்கள் பெருக வாரக்கணக்கில் ஆகும். லே விமான நிலையத்தில் இறங்கும் பயணிகளுக்கு உடல் பழக நேரம் கொடுக்கத்தான் முதல் இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள். அதைத் தண்டனையாக நினைத்து முதல் நாளே ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள்தான் இரவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

நம் நாட்டுக்கு இந்தப் பாடம் மிகுந்த விலை கொடுத்துக் கிடைத்தது. 1962இல் சீனாவுடன் போர் வந்தபோது, சமவெளியில் இருந்த படைவீரர்களை அவசரமாக இமயமலை உச்சிகளுக்கு அனுப்பினார்கள். இளைஞர்கள், நல்ல உடற்பயிற்சி பெற்றவர்கள். அவர்களில் பலர் ஒரு குண்டுகூடப் படாமல், உயரத்தால் வரும் மலைநோயில் சுருண்டு விழுந்தார்கள். ராணுவ மருத்துவர் இந்தர் சிங் தலைமையிலான குழு 1,925 வீரர்களைக் கவனமாகப் பரிசோதித்து எழுதிய கட்டுரை 1969இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. உலகம் முழுக்க மலைநோயைப் படிக்கும் மருத்துவர்கள் இன்றும் அந்தக் கட்டுரையைத் தேடிப் படிக்கிறார்கள். மலைநோய்க்குப் பலசாலி, பலவீனன் என்ற பாகுபாடு கிடையாது என்பதை அந்த வீரர்களின் அனுபவம் சொல்கிறது. உண்மையில் பலசாலிக்கு ஆபத்து கூடுதல்தான். அவர் வேகமாக ஏறிவிடுவார். உடல் பழக நேரம் இருக்காது.

மலைநோய் தலைவலியில் தொடங்கும். பெரும்பாலும் உயரத்துக்கு வந்த அன்றே, சில மணி நேரம் கழித்து. கூடவே குமட்டல், சாப்பாடு பிடிக்காமல் போவது, தலைச்சுற்றல், அசதி. 2,500 மீட்டருக்கு மேல் இவை வந்தால், ‘நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை’, ‘வெயிலில் நடந்தது’ என்றெல்லாம் காரணம் தேடக்கூடாது. வேறு காரணம் உறுதியாகத் தெரியும்வரை அது மலைநோய்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் மேலே ஒரு அடிகூட ஏறக்கூடாது. அங்கேயே ஓய்வெடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும். சரியாகவில்லை, கூடுகிறது என்றால் இறங்க வேண்டும்.

அலட்சியம் செய்து மேலே போனால் இரண்டு பெரிய ஆபத்துகள் காத்திருக்கின்றன. ஒன்று, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் நிற்காது, உதடு நீலமாகும், சிலருக்கு இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வரும். மற்றது மூளை வீங்குவது. அந்த ஆள் குழறிப் பேசுவார், தள்ளாடுவார், இருக்கும் இடமே தெரியாமல் விழிப்பார். இதைக் கண்டுபிடிக்க மலையேறிகள் ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறார்கள். தரையில் நேர்கோடு போட்டு, ஒரு காலின் கட்டைவிரலை மறு காலின் குதிகால் தொடும்படி அடிமேல் அடி வைத்து நடக்கச் சொல்வார்கள். தள்ளாடினால், அது நள்ளிரவாக இருந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் கூட ஒருவரை அனுப்பி உடனே கீழே இறக்க வேண்டும். தனியாக மட்டும் அனுப்பவே கூடாது. ஐநூறு, ஆயிரம் மீட்டர் இறங்கினாலே பலருக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும். இந்த நோய்க்கு இறங்குவதைவிடப் பெரிய மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பாதிக்கப்பட்டவரே ‘எனக்கு முடியவில்லை’ என்று சொல்லிவிடுவாரே, பிறகு என்ன கவலை என்று கேட்பீர்கள். அங்கேதான் இந்த நோயின் பொல்லாத்தனம் இருக்கிறது. 1875 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் நகரத்திலிருந்து ஸெனித் என்ற பலூனில் மூன்று பேர் எட்டாயிரம் மீட்டருக்கு மேல் போனார்கள். கையில் ஆக்சிஜன் பைகள் இருந்தன. அந்த ஆக்சிஜன் போதாது என்று பால் பெர் என்ற உடலியல் அறிஞர் கடிதம் எழுதியும், அது அவர்கள் கிளம்புவதற்குள் போய்ச் சேரவில்லை. மூவரில் க்ரோசே-ஸ்பினெல்லி, சிவெல் இருவரும் வானத்திலேயே இறந்தார்கள். தப்பிப் பிழைத்த கஸ்தோன் திஸ்ஸாந்தியே பிறகு அந்த அனுபவத்தை எழுதினார். வலி இல்லை, பயம் இல்லை, மனதுக்குள் ஒருவித மகிழ்ச்சிதான் இருந்தது; ஆக்சிஜன் குழாயை எடுக்க நினைத்தபோது கை தூக்க முடியவில்லை என்று அவர் விவரித்தார்.

ஆக்சிஜன் குறையும்போது மூளைதான் முதலில் மங்குகிறது. ‘நான் நன்றாக இருக்கிறேனா?’ என்று யோசிக்க வேண்டிய மூளையே மங்கிப்போனால் யார் எச்சரிப்பது? கூட வருகிறவர்தான். மலையில் இரண்டு இரண்டு பேராக ஜோடி போட்டுக்கொண்டு, ஒருவர் மற்றவரைக் கவனிப்பது இதற்காகத்தான். உங்கள் ஜோடி வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் வருகிறான், தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்கிறான், எரிந்து விழுகிறான் என்றால் பெரியவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். கோள் சொல்வதாக ஆகாது. உங்களுக்கே தலை வலித்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். என்னால் எல்லோருடைய பயணமும் கெட்டுப்போகுமே, மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களே என்று தலைவலியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. பெரியவர்களும் உண்டு. ஆரம்பத்திலேயே சொன்னவர் ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி ஏறுவார். மறைத்தவரை மற்றவர்கள் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும்.

சரி, எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும்? 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இன்று படுக்கும் இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை, ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும். பகலில் இன்னும் கொஞ்சம் மேலே போய்ப் பார்த்துவிட்டு, இரவு படுக்கக் கீழே வந்துவிடலாம். அது உடலுக்கு நல்ல பயிற்சி.

2023 மே மாதம், விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். தமிழ்நாட்டிலிருந்து அந்தச் சிகரத்தை எட்டிய முதல் பெண் அவர். செய்தித்தாளில் வந்தது உச்சியில் நிற்கும் படம். அந்த ஒரு படத்துக்குப் பின்னால் பல வாரங்கள் இருக்கின்றன. எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் ஒரே மூச்சில் மேலே போவதில்லை. 5,300 மீட்டருக்கு மேலே உள்ள அடிவார முகாமிலிருந்து அடுத்த முகாமுக்கு ஏறி, திரும்ப இறங்கி, மறுபடி இன்னும் கொஞ்சம் மேலே ஏறி, மறுபடி இறங்கி என்று உடலைப் பழக்குகிறார்கள். ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகிறது.

இன்றைய தெலங்கானாவைச் சேர்ந்த மாலாவத் பூர்ணா 2014 மே 25 அன்று எவரெஸ்ட் ஏறியபோது அவருக்கு 13 வயது. உங்களில் பலருக்கும் அதே வயதுதான் இருக்கும். உடனே கிளம்பிவிடாதீர்கள்! புவனகிரி பாறையில் ஏறப் பழகி, டார்ஜிலிங்கில் பயிற்சி எடுத்து, லடாக் குளிரில் தங்கிப் பார்த்து, அதன் பிறகுதான் அவரை அனுப்பினார்கள். வளர்கிற உடலை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோவது சரியா என்று மருத்துவர்களிடையே கேள்வி இருக்கிறது. நேபாளத்தின் வழியாக எவரெஸ்ட் ஏற 16 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது சட்டம். அது நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். இமயமலை எங்கேயும் போய்விடாது.

இறங்க முடியாத நிலையில் யாராவது மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? அதற்கு ஒரு அழகான கருவி இருக்கிறது. ஆளை உள்ளே படுக்கவைத்து ஜிப்பை மூடி, காலால் மிதிக்கும் பம்பினால் காற்றடிக்கும் நீளமான பை. காற்றை அடித்து உள்ளே அழுத்தத்தைக் கூட்டினால், ஆளை நகர்த்தாமலே அவரை 1,500 மீட்டர், அதற்கு மேலும் கீழே இறக்கிய பலன் கிடைக்கும். காமோவ் பை என்று அதற்குப் பெயர். கண்டுபிடித்தவர் இகோர் காமோவ். அவருடைய அப்பா ஜார்ஜ் காமோவ் புகழ்பெற்ற இயற்பியல் அறிஞர். பிள்ளைகளும் பெரியவர்களும் விரும்பிப் படித்த அறிவியல் நூல்களை எழுதியவர். ஆனால் இந்தப் பையும் நேரம் வாங்கிக் கொடுக்கும் கருவிதான். நிலைமை கொஞ்சம் தேறியதும் இறங்கித்தான் ஆக வேண்டும். மருத்துவர் எழுதித்தரும் மாத்திரைகளும் உண்டு. அவற்றை நாமாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

‘எங்கள் வீட்டில் யாரும் எவரெஸ்ட் போகப்போவதில்லையே’ என்று நினைக்கிறீர்களா? உங்கள் தாத்தா பாட்டி நேபாளத்தில் உள்ள முக்திநாத்துக்கோ, கயிலை மானசரோவருக்கோ போக ஆசைப்படலாம். இந்த யாத்திரைகளுக்குத் தமிழ்நாடு அரசு உதவித்தொகைகூடக் கொடுக்கிறது. முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். மானசரோவர் ஏரி ஏறக்குறைய 4,600 மீட்டர். கயிலையைச் சுற்றி வருபவர்கள் தாண்டும் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கு மேல். மத்திய அரசு நடத்தும் கயிலை யாத்திரையில் டெல்லியிலேயே முழுப் பரிசோதனை செய்து, தேறியவர்களை மட்டுமே அனுப்புகிறார்கள். தனியார் வழியாகப் போகிறவர்கள் அந்தக் கண்டிப்பைத் தாங்களே வைத்துக்கொள்ள வேண்டும். இதய நோய், ஆஸ்துமா, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பணம் கட்டவே கூடாது. நீங்கள் தாத்தாவிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: ‘எந்த எந்த ஊரில் ராத்திரி தங்குறீங்க தாத்தா? அது எவ்வளவு உயரம்?’ பயணத் திட்டத்தை வாங்கி உயரங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப்பாருங்கள். ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் எகிறியிருந்தால், நடுவில் ஒரு நாள் தங்க முடியுமா என்று அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள்.

யாத்திரை போகிறவர்கள் பையில் கற்பூரம் வைத்திருப்பார்கள். மூச்சு வாங்கினால் முகர்ந்துபார்ப்பார்கள். முகர்ந்ததும் மூக்கு குளுகுளுவென்று ஆகும். காற்று தாராளமாக வருவது போலத் தோன்றும். ரத்தத்தில் ஆக்சிஜன் அதனால் ஏறாது. கற்பூரம் பூஜைக்கு இருக்கட்டும். மூச்சு வாங்கினால் உட்கார வேண்டும், உட்கார்ந்தும் வாங்கினால் இறங்க வேண்டும்.

ஆரணிக்காரர்களுக்கு அரிசியைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் ஆரணி அரிசியை லேயில் திறந்த பாத்திரத்தில் வைத்துப் பொங்கினால் விறைத்துக்கொண்டு நிற்கும். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாது. லேயில் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நெருப்பு வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. அதனால்தான் மலை முகாம்களில் பிரஷர் குக்கர் இல்லாமல் சமையல் நடக்காது. குடிக்கத் தண்ணீர் காய்ச்சும்போதும் கொதி வந்தவுடன் இறக்காமல் மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும். அங்கே காற்று வறண்டிருப்பதால் மூச்சிலேயே உடலின் நீர் வெளியேறும். தாகம் எடுக்காவிட்டாலும் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வெயிலும் அங்கே வேறு குணம். குளிராக இருக்கிறதே என்று நாம் ஏமாந்துவிடுவோம். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் பத்து சதவீத அளவுக்குக் கூடுகிறது. போதாததற்கு, புதிதாக விழுந்த பனி அந்தக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கும். கறுப்புக் கண்ணாடி போடாமல் பனியில் ஒரு நாள் நடந்தால் மாலையில் கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்தி, பார்வையே மங்கிவிடும். கறுப்புக் கண்ணாடி அங்கே ஒரு மருந்து.

குளிரைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஆரணியில் 35 டிகிரி அடிக்கும்போது, அதற்கு நேர் மேலே 4,500 மீட்டரில் எவ்வளவு இருக்கும்? தாளில் போட்டுப் பாருங்கள். ஏழு டிகிரி அளவில் வரும்.

குளிர் என்றதும் உங்கள் ஊர்ப் பொருள் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1924இல் எவரெஸ்ட் ஏறப் போய்த் திரும்பாத ஜார்ஜ் மல்லோரியின் உடல் 1999இல் எட்டாயிரம் மீட்டருக்கு மேலே கிடைத்தது. அவர் உடலில் இருந்த உடைகளை ஆராய்ந்தார்கள். பருத்தி, கம்பளி, பட்டு! ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய உடைகள். வெளியே காற்றுப் புகாத காபர்டின் துணி. இவ்வளவு லேசான உடையோடா எவரெஸ்ட் ஏறினார் என்று பலர் ஏளனமாக எண்ணியிருந்தார்கள். அதே போன்ற உடைகளை மறுபடி நெய்து தைத்து, 2006இல் ஒருவர் எவரெஸ்டில் உடுத்திப் பார்த்தார். நடந்துகொண்டிருக்கும்வரை லேசாகவும் இதமாகவும் இருந்தன. உங்கள் அம்மா அப்பா தறியில் பாவும் ஊடையுமாகக் கோக்கும் அந்தப் பட்டு இழைக்கு வழவழப்பு உண்டு. ஒரு உடைமேல் இன்னொரு உடை மாட்டிக்கொள்ளாமல் நழுவும். உடைகளுக்கு நடுவே காற்று தங்கும். உடலின் சூட்டை வெளியே விடாமல் காப்பது அந்தக் காற்றுதான். இன்றும் பட்டில் செய்த உள்ளாடைகளையும், உறங்கும் பைக்குள் விரிக்கும் மெல்லிய பட்டு உறைகளையும் மலையேறிகள் வாங்குகிறார்கள். குளிர் இடத்தில் உடம்பை ஒட்டிப் பருத்தி பனியன் மட்டும் கூடாது. வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடந்து உடலின் சூட்டை உறிஞ்சிவிடும்.

உங்களுக்குப் பக்கத்தில் உள்ள மலைகளுக்கு வருவோம். கடலாடி வழியாகவோ தென்மாதிமங்கலம் வழியாகவோ பர்வதமலை ஏறியவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். 4,500 அடிக்கு மேல் என்று சொல்லப்படும் அந்த மலையில் மலைநோய் வராது, உயரம் போதாது. அங்கே மூச்சு வாங்குவது செங்குத்தான ஏற்றத்தால். அந்த மலையின் ஆபத்துகள் வெயில், தண்ணீர்ப் பஞ்சம், ஏணிப்படிகளிலும் சங்கிலி பிடித்து ஏறும் பாறைகளிலும் கூட்டத்தில் கால் வழுக்குவது. கோவைக்குப் பக்கத்தில் வெள்ளியங்கிரி மலையில் யாத்திரைக் காலத்தில் உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. இதய நோயும் மூச்சுத் தொந்தரவும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை கேட்டுக்கொள்வது அதனால்தான்.

ஏறும்போது பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வேகம் சரி. வார்த்தை வார்த்தையாக அறுந்து வந்தால் வேகத்தைக் குறையுங்கள். வெறும் வயிற்றில் ஏறாதீர்கள். இடி மின்னல் தெரிந்தால் உச்சியிலும் தனி மரத்தடியிலும் இரும்பு ஏணிப் பக்கத்திலும் நிற்காதீர்கள். தேன்கூடு இருக்கும் பாறைப் பக்கம் புகை போடுவது, கல் எறிவது கூடவே கூடாது. 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் காய்ந்த புல்வெளிக் காட்டில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்று அவர்களில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். வனத்துறை அனுமதி, வழி தெரிந்த உள்ளூர் ஆள் இரண்டும் இல்லாமல் காட்டு மலைக்குள் போவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இறங்கும்போதுதான் கால் தளர்ந்திருக்கும், கவனமும் தளர்ந்திருக்கும். எவரெஸ்டில் பல குழுக்கள் ‘மதியம் இரண்டு மணிக்குள் உச்சியைத் தொடாவிட்டால், பத்தடி தூரம்தான் மிச்சம் என்றாலும் திரும்பிவிட வேண்டும்’ என்று நேரம் குறித்துக்கொள்வார்கள். 1996 மே 10 அன்று சிலர் அந்த நேரத்தைத் தாண்டி ஏறினார்கள். இறங்கும் வழியில் பனிப்புயல் சூழ்ந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். பர்வதமலைக்கும் இப்படி ஒரு நேரத்தைக் கீழே அடிவாரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்த மணி அடித்ததும், எங்கே நின்றுகொண்டிருந்தாலும், திரும்புங்கள். கிளம்புவதற்கு முன் வீட்டில் இருப்பவரிடம் அந்த நேரத்தையும், எந்த வழியாக ஏறுகிறீர்கள் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நேரம் தாண்டியும் ஆள் வரவில்லை என்றால் எங்கே தேடச் சொல்வது, எப்போது 108க்கு அழைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.